கில்லாரி நிலநடுக்கம், 1993: அசையாது என்று எண்ணப்பட்ட பாறைநிலம் பற்றிய நிகழ்வு ஆய்வு

1993 செப்டம்பர் 30 அன்று அதிகாலை 3.56 மணிக்கு, மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதியில் லாத்தூர் மாவட்டமும் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டமும் கூடும் எல்லையில், டெர்ணா ஆற்றுப் படுகையிலுள்ள கில்லாரி என்னும் ஊருக்கு அருகே 6.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. முந்தைய நாள் அனந்த சதுர்த்தசி. பிள்ளையார் சிலைகளை நீரில் கரைத்துவிட்டு நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பிய மக்கள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். வலுவான அதிர்வு ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிட்டது. அதற்குள் கில்லாரி, சாஸ்தூர், ராஜேகாவ் உள்ளிட்ட ஊர்கள் கற்குவியல்களாகிவிட்டன. இறந்தவர்கள் அரசுக் கணக்கின்படி 7,928 பேர்; அமெரிக்கப் புவியியல் அளவையகத்தின் பட்டியல் 9,748 பேர் என்று குறிக்கிறது. எந்த எண்ணை ஏற்றாலும், இந்தியத் தீபகற்பத்தின் உட்பகுதியில் பதிவான நிலநடுக்கங்களில் மிகுதியான உயிர்களைக் கொண்டுசென்றது இதுவே.

இந்நிகழ்வை ஆராயும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே பிரித்துக்கொள்வது நல்லது. புவியின் மேலோடு பிரிந்திருக்கும் பெருந்தட்டுகளின் எல்லையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், உலகின் மிகப் பழைய பாறைகளால் ஆன நிலத்தில் இப்படியொரு நிலநடுக்கம் ஏன் ஏற்பட்டது என்பது முதற்கேள்வி. 6.2 என்பது உலக அளவில் நடுத்தரமான அளவுதான் என்றிருக்க, அது இத்தனை பேரை ஏன் கொன்றது என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு விடை பாறையில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை சுவரில் இருக்கிறது. ஒன்றன் விடையை மற்றதற்குச் சொல்லிவிடும் குழப்பம், அடுத்து வந்த ஆண்டுகளில் மறுகுடியமர்த்தல் திட்டங்கள் வரை நீண்டது.

மேலே கரிசல், கீழே தொல்பாறை

கில்லாரியைச் சுற்றியுள்ள நிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் மெல்லிய ஏற்ற இறக்கங்களோடு பரந்து கிடக்கிறது. உச்சி தட்டையான குன்றுகள், படிப்படியாக இறங்கும் சரிவுகள், அகன்று ஆழம் குறைந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகள், அவற்றின் மேல் கோடையில் வெடித்தும் மழையில் உப்பியும் போகும் கரிசல் மண் ஆகியவையே இங்கு கண்ணில் படும் நிலத்தோற்றம். தக்காணத்தின் எரிமலைக் குழம்பு நிலம் எங்கும் இப்படித்தான் இருக்கும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்திலிருந்த நீண்ட வெடிப்புகளின் வழியே வெளிவந்த குழம்பு, கூம்பு வடிவ மலையாக உயராமல் அகலப் பரவி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாக உறைந்தது. அப்படி உறைந்த கரும்பாறைதான் பசால்ட். கெட்டியான பசால்ட் அடுக்கு அரிப்பைத் தாங்கி நிற்க, அதன் மேலும் கீழும் உள்ள துளைகள் நிறைந்த மென்மையான பகுதியும் அடுக்குகளுக்கு இடையே சிக்கிய சிவந்த மண்ணும் எளிதில் கரைந்து போவதால்தான் சரிவுகள் படிகளாக அமைகின்றன. இன்று எஞ்சியிருக்கும் பரப்பே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அதன் தடிமன் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். கிழக்கே வர வரக் குறையும்.

கில்லாரி அந்தக் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே 617 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டபோது, பசால்ட்டின் தடிமன் 338 மீட்டர்தான் என்று தெரிந்தது. அதன் அடியில் சுமார் 8 மீட்டர் அளவுக்கு மெல்லிய படிவுப் பாறை. அதற்கும் கீழே 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட உருமாறிய பாறைகள் தொடங்கின. கர்நாடகத்தின் பெரும்பகுதியையும் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களையும் தாங்கி நிற்கும் தார்வார் பாறைத்தொகுதியின் வடக்கு நீட்சியாகவே இந்த அடித்தளத்தைக் கருதுகிறார்கள். மேலே மூடியிருக்கும் எரிமலைப் பாறை அந்த அடித்தளத்தோடு ஒப்பிட்டால் நேற்று வந்தது.

இந்த அடுக்கமைப்பு நம் ஆய்வுக்கு முதன்மையானது. நிலநடுக்கம் பிறந்தது பசால்ட்டில் அல்ல, அதற்கு அடியிலுள்ள தொல்பாறையில். அத்தொல்பாறை தன் நீண்ட வரலாற்றில் பலமுறை நெருக்குண்டும் பிளவுண்டும் மறுபடி இறுகியும் வந்திருக்கிறது. அதன் பழைய பிளவுகள் ஆறிய தழும்புகள் போல உள்ளே கிடக்க, அவற்றின் மேல் எரிமலைக் குழம்பு சமதளமாகப் பரவி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. கர்நாடகத்தில் தரையில் நடந்தே பார்க்கக்கூடிய பிளவுக்கோடுகளை மராத்வாடாவில் ஈர்ப்புவிசை அளவீடு, காந்தப்புல அளவீடு, துளையிடல் ஆகியவற்றால்தான் ஊகித்தறிய வேண்டியிருக்கிறது.

வரைபடம் சொன்னது

தீபகற்பம் அசையாத நிலம் என்னும் எண்ணம் வெறும் மூடநம்பிக்கை அல்ல. இமயமலையைப் போல இங்கு இளம் மடிப்பு மலைகள் இல்லை. எரிமலை இயக்கம் ஓய்ந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. பாறை குளிர்ந்து தடித்துக் கடினமாகிவிட்டது. இவை அனைத்தும் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து "இங்கே நிலநடுக்கம் வராது" என்ற முடிவுக்குத் தாவியதுதான் தவறு. நெருக்கும் விசை இருக்கும் வரை கடினமான பாறையும் ஒருநாள் உடையும். அடிக்கடி உடையாது என்பதே வேறுபாடு.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட நிலநடுக்க மண்டல வரைபடத்தின் வரலாற்றைப் பார்த்தால் இந்தத் தாவல் எப்படி நிகழ்ந்தது என்று புரியும். 1962-ஆம் ஆண்டின் முதல் வரைபடத்தில், 0 என்று எண்ணிட்ட மண்டலம்கூட இருந்தது. தீபகற்பத்தின் பெரும்பகுதி அதில் அடங்கியது. 1967 டிசம்பர் 11 அன்று மேற்கு மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்கு அருகே 6.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டு ஏறத்தாழ 180 பேர் இறந்த பிறகு, 1970-இல் வரைபடம் திருத்தப்பட்டது. 0 மண்டலம் நீக்கப்பட்டது. கொய்னா சுற்றுப்புறம் நான்காம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. மராத்வாடா முதலாம் மண்டலத்தில், அதாவது ஆபத்து மிகக் குறைவானது என்று குறிக்கப்பட்ட பகுதியில் வைக்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அது அங்கேயே இருந்தது. கில்லாரி வீழ்ந்த பின், 2002-இல் முதலாம் மண்டலமே நீக்கப்பட்டு இரண்டாம் மண்டலத்தோடு சேர்க்கப்பட்டது.

நிலநடுக்கம் முன்னே போகிறது, வரைபடம் அதன் பின்னே வருகிறது. இதற்கு வரைந்தவர்களைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. கருவிப்பதிவு நூறாண்டுக்குச் சற்று மேல்தான்; எழுத்துப்பதிவு இடைவெளிகள் நிறைந்த சில நூற்றாண்டுகள். ஒரே பிளவு மறுபடி நகர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் நிலத்தில், நூறாண்டு அமைதி எதையும் நிறுவாது. ஆயினும் பதிவு இல்லாத இடத்துக்கு "தெரியவில்லை" என்று எழுதுவதற்குப் பதிலாக "ஆபத்து மிகக் குறைவு" என்று எழுதியது, கட்டடம் கட்டுவோருக்கும் அதிகாரிகளுக்கும் தவறான உறுதியைக் கொடுத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

1992-இன் அதிர்வுகள்

முன்னெச்சரிக்கை இருந்ததா என்ற கேள்வி இந்நிகழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழுகிறது. 1992-இன் பிற்பகுதியில், சிறப்பாக அக்டோபர், நவம்பர் மாதங்களில், கில்லாரி மக்கள் பல அதிர்வுகளை உணர்ந்தார்கள். சுவர்களில் விரிசல் கண்டது. பலர் சில காலம் வீட்டுக்கு வெளியே உறங்கினார்கள். தங்களை வேறிடத்தில் குடியமர்த்துமாறு கோரிக்கையும் எழுந்தது. பிறகு அதிர்வுகள் குறைந்தன, மக்கள் வீடு திரும்பினார்கள். அடுத்த செப்டம்பரில் பெரிய நிலநடுக்கம் வந்தது.

நடந்ததை அறிந்த பின் திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத் தோன்றும். ஆனால் தீபகற்பத்தில் இத்தகைய சிற்றதிர்வுக் கூட்டங்கள் அவ்வப்போது வந்து, பெரும்பாலும் எதுவும் நேராமல் அடங்கிப்போகின்றன. அவற்றுள் எது பெரிய நிலநடுக்கத்தின் முன்னோடி என்று அன்றும் சொல்ல இயலாது, இன்றும் இயலாது. ஆகவே கணிக்கத் தவறினார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்காது. செய்திருக்கக்கூடியது வேறொன்று: ஊர் அதிர்ந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் வீடுகளின் கட்டுமானத்தை ஒருமுறை பொறியாளர் கண்கொண்டு பார்த்திருக்கலாம். அதற்கு எந்தக் கணிப்பும் தேவைப்பட்டிருக்காது.

எது நகர்ந்தது

கில்லாரியின் மேற்கே வயல்களினூடாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, விட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை உயர்ந்தும் வெடித்தும் கிடந்தது. உயர்வு எங்கும் ஒரு மீட்டரை எட்டவில்லை. சில இடங்களில் மேல்மண்ணும் அதன் கீழுள்ள சிதைந்த பசால்ட்டும் இரு பக்கமும் நெருக்குண்டு, கூரை முகடு போல் நடுவில் எழும்பி நின்றன. தரை இழுபட்டுப் பிரிந்தால் பள்ளம் தோன்றும்; நெருக்குண்டால்தான் இப்படி மேடு தோன்றும். எனவே களத்தில் நின்றே விசையின் தன்மையை உணர முடிந்தது. நிலநடுக்க அலைப்பதிவுகளும் அதையே சொல்லின. தென்மேற்கு நோக்கிச் சாய்ந்த ஒரு பிளவின் மேல், தென்மேற்குப் பக்கப் பாறைத்தொகுதி வடகிழக்குப் பக்கத்தின் மீது ஏறியிருந்தது.

உடைப்பு தொடங்கிய புள்ளியான குவிமையம் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இருந்தது. நிலநடுக்கத்தை அடுத்து இந்திய நிறுவனங்களும் ஜெர்மானிய ஆய்வுக் குழுவும் தற்காலிக நிலையங்கள் அமைத்துப் பதிவு செய்த பின்னதிர்வுகளும் மேலோட்டின் மேற்பகுதியிலேயே குவிந்திருந்தன. ஆழம் குறைந்ததால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. பிளவு தரைவரை வந்து எட்டியது. அருகிலுள்ள ஊர்கள் அதிர்வின் முழு வீச்சையும் வாங்கின. கடும் சேதம் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அடங்கிவிட்டது. இன்னொரு பக்கம், குளிர்ந்து இறுகிய பழம்பாறை அலைகளை அதிகம் உறிஞ்சாமல் நெடுந்தூரம் கடத்தும் இயல்புடையது. அதனால் மும்பை, ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களிலும் மக்கள் இந்த அதிர்வை உணர்ந்தார்கள்.

தட்டுகளின் உட்பகுதியில், மேற்பரப்பு வரை பிளவு வந்த நிலநடுக்கங்கள் உலகிலேயே அரிது. ஆஸ்திரேலியாவில் 1968-இல் மெக்கரிங், 1988-இல் டென்னன்ட் கிரீக், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1989-இல் உங்காவா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மெக்கரிங்கில் பிளவு 37 கிலோமீட்டர் நீண்டது. அளவிலும் அது கில்லாரியைவிடப் பெரியது. அங்கே ஒருவரும் இறக்கவில்லை. மக்கள் அடர்த்தியற்ற நிலம் என்பது முதன்மையான காரணம்; ஆயினும் அந்த ஒப்பீடு, பிளவின் நீளத்துக்கும் இறப்புக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதை எடுத்துக்காட்டுகிறது.

அப்படியானால் நெருக்கிய விசை எங்கிருந்து வந்தது? இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கு நோக்கி நகர்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளாக ஆசியாவோடு மோதிக்கொண்டிருப்பதால் அந்நகர்வுக்கு எதிர்ப்பு இருக்கிறது. அந்த எதிர்ப்பு இமயமலையோடு நின்றுவிடுவதில்லை. கடினமான தட்டு முழுவதும் விசையைக் கடத்துவதால், தீபகற்பத்தின் பாறைகளும் தெற்கு-தென்மேற்கிலிருந்து வடக்கு-வடகிழக்காக நெருக்குண்டு கிடக்கின்றன. கில்லாரியின் பிளவு இந்நெருக்குதலுக்கு ஏறத்தாழக் குறுக்கே அமைந்திருப்பதும், அதில் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறியிருப்பதும் இந்த விளக்கத்தோடு பொருந்துகின்றன. இமயமலையில் ஆண்டுதோறும் சென்டிமீட்டர் கணக்கில் சேரும் சுருக்கத்தோடு ஒப்பிட்டால், இங்கே சேர்வது மிகச் சிறிய பங்கு. அதனால்தான் இடைவெளி நீள்கிறது. வேகம் குறைவு என்பது விசை இல்லை என்று பொருள்படாது.

விசை தீபகற்பம் முழுவதும் இருக்க, உடைப்பு ஏன் கில்லாரியில் நேர்ந்தது என்பது கடினமான கேள்வி. அடித்தளத்தில் முன்பே இருந்த பலவீனமான பிளவு ஒன்று மீண்டும் உயிர்பெற்றது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விடை. இதற்கு ஆதரவாக, தரைவெடிப்பின் இரு பக்கமும் துளையிட்டு ஒரே பசால்ட் அடுக்கை அடையாளம் கண்டு ஒப்பிட்டபோது, அவற்றின் மட்டத்தில் சில மீட்டர் வேறுபாடு தெரிந்தது. 1993-இல் நிகழ்ந்த உயர்வு ஒரு மீட்டருக்குள் இருக்க, மொத்த வேறுபாடு அதைவிடப் பல மடங்கு இருக்குமானால், எரிமலைக் குழம்பு உறைந்த பிறகு இதே பிளவு முன்பும் நகர்ந்திருக்க வேண்டும். 6.6 கோடி ஆண்டுகளில் சில மீட்டர் மட்டுமே என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மிக அரிதாக நகரும் பிளவு என்பதற்கும் அதுவே சான்று.

டெர்ணா ஆற்றின் மேற்பகுதியில், பண்டைய கிரேக்க வணிகர்கள் தகர என்ற பெயரால் அறிந்த தேர் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஆற்றங்கரை வண்டல் அடுக்குகளில் காணப்படும் குலைவுகளை, ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நிலநடுக்கத்தின் தடயம் என்று நிலவியலாளர் சி. பி. இராஜேந்திரன் விளக்கினார். ஓர் இடத்துச் சான்றை வைத்து வட்டாரம் முழுமைக்கும் நிலநடுக்கக் காலக்கணக்கு எழுதிவிட முடியாதுதான். ஆனால் மராத்வாடாவின் அமைதி நாம் எண்ணியதைவிடக் குறுகியதாக இருந்திருக்கக்கூடும் என்று அந்தக் கரைகள் காட்டுகின்றன. ஆற்றுக்கரை வெட்டுகளை இந்த நோக்கோடு படிக்கும் வேலை தீபகற்பத்தில் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

அருகிலுள்ள கீழ் டெர்ணா நீர்த்தேக்கத்தின் பங்கு பற்றியும் விவாதம் நடந்தது. நீர்த்தேக்கத்தின் எடையும், பாறையிடுக்குகளில் இறங்கும் நீரின் அழுத்தமும், உடையும் தறுவாயிலுள்ள பிளவை நகர்த்திவிடக்கூடும் என்பதற்குக் கொய்னா உலகறிந்த எடுத்துக்காட்டு. ஆனால் கொய்னா அணை 103 மீட்டர் உயரமுள்ளது. நீர் நிரப்பத் தொடங்கியது முதல் அங்கே அதிர்வுகள் நிற்கவே இல்லை. கில்லாரியில் நீரின் ஆழம் அதனோடு ஒப்பிடத்தக்கதன்று; கொய்னாவைப் போல நீர்மட்டத்தோடு ஏறியிறங்கும் தொடர்ச்சியான அதிர்வு வரலாறும் காணப்படவில்லை. எனவே நீர்த்தேக்கத்தைக் காரணமாகக் கூறும் வாதம் வலுவற்றதாகவே எனக்குப் படுகிறது.

சுவர்கள்

மூன்றரை மாதங்கள் கழித்து, 1994 ஜனவரி 17 அன்று, கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் 6.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. வெளிப்பட்ட ஆற்றல் கில்லாரியைப் போல ஐந்து மடங்குக்கு மேல். இலட்சக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் நகர்ப்புறத்தில், அதுவும் அதிகாலையில் நேர்ந்தும், இறந்தவர்கள் ஏறத்தாழ 60 பேர். இந்த வேறுபாட்டைப் பாறையியலால் விளக்க முடியாது.

மராத்வாடாவின் மரபுவழி வீடு, அந்த நிலம் கொடுத்த பொருள்களால் ஆனது. எங்கு தோண்டினாலும் பசால்ட் கல் கிடைக்கும். சுண்ணாம்பும் சிமென்டும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. ஆகவே கல்லையும் மண்சாந்தையும் கொண்டு 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டருக்கும் மேலான தடிமனில் சுவர் எழுப்பினார்கள். பார்ப்பதற்குக் கோட்டை மதில் போலிருக்கும் அந்தச் சுவர் உண்மையில் ஒரே சுவர் அன்று. உள்முகமாக ஒரு கல்வரிசை, வெளிமுகமாக ஒரு கல்வரிசை, இடையில் உடைகல்லும் மண்ணும் என்று மூன்றாகப் பிரிந்தது. இரு முகங்களையும் குறுக்கே பிணைக்கும் நீளமான கற்கள் வைக்கப்படவில்லை. மூலைகளிலும் ஒரு சுவரின் கல் மற்றச் சுவருக்குள் கோக்கப்படவில்லை.

கூரை மரத்தாலானது, மரக்கட்டைகளின் மேல் பலகை அடுக்கி, அதன்மேல் மண் கொட்டி இறுக்கியிருப்பார்கள். சுட்டெரிக்கும் கோடையில் வீடு குளிர்ந்திருக்க அது நல்ல ஏற்பாடு. மழை ஒழுகும்போதெல்லாம் மேலும் மண் கொட்டுவது வழக்கமாதலால், அம்மண் ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போனது. அரை மீட்டர் தடிமனுக்கு மண் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரையின் எடை 800 கிலோகிராமுக்குக் குறையாது. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள அறையில் உறங்குபவரின் தலைக்கு மேல் ஏறத்தாழப் பத்து டன் மண் இருந்தது என்று கணக்கிடலாம்.

தரை பக்கவாட்டில் அதிரும்போது என்ன நடக்கும் என்பதை இனி ஊகிக்கலாம். கட்டடத்தின் எடைக்கு ஏற்பவே அதன் மீது செயல்படும் பக்கவிசையும் கூடும். கனத்த சுவரும் கனத்த கூரையும் தங்களுக்கு எதிராகத் தாங்களே பெரிய விசையை உண்டாக்கிக்கொள்கின்றன. முதல் சில குலுக்கல்களில் மண்சாந்து பொடிந்து, சுவரின் இரு முகங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். நடுவிலுள்ள உடைகல் கீழிறங்கி ஆப்பைப் போல அவற்றை மேலும் பிளக்கும். சுவர் வயிறு தள்ளிச் சரியும். அதன்மேல் அமர்ந்த கூரை மண்ணோடு கீழே வரும். கல்லும் மண்ணும் சேர்ந்து மூடுவதால், காற்று புகும் இடைவெளிகூட மிஞ்சாமல் மூச்சுத்திணறி இறந்தவர்கள் பலர்.

விதிவிலக்குகள் கற்பித்தவை இதைவிட அதிகம். கூரையைச் சுவர் தாங்காமல் தனி மரத்தூண்கள் தாங்கிய வீடுகளில், சுவர் சரிந்த பின்னும் தூண்களும் கூரையும் நின்ற இடங்கள் இருந்தன. ஓலையும் தட்டையும் வேய்ந்த குடிசைகளில் இருந்தவர்கள் பெருமளவில் தப்பினார்கள். கல்வீடு வசதியின் அடையாளமாக இருந்த ஊரில், வசதியற்றவர்களின் வீடுகளே காப்பாற்றின என்பது அன்றைய கள அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. ஊர்கள் பலவும் ஆற்றை ஒட்டித் தடித்த மண்படிவின் மேல் அமைந்திருந்ததால் அதிர்வு சில இடங்களில் கூடியிருக்கலாம். ஆனால் ஒரே தரையில் அடுத்தடுத்து நின்ற குடிசையும் கல்வீடும் வெவ்வேறு கதியை அடைந்ததைப் பார்க்கும்போது, மண்ணின் பங்கு இரண்டாம் இடத்தையே பெறுகிறது.

பிறகு செய்யப்பட்டவை

உலக வங்கியின் கடனுதவியோடு மகாராஷ்டிர அரசு மேற்கொண்ட சீரமைப்பு, அளவில் மிகப் பெரியது. முற்றிலும் அழிந்த 52 ஊர்கள் புதிய இடங்களில் கட்டப்பட்டன. சேதம் குறைந்த ஏறக்குறைய 2 லட்சம் வீடுகளைப் பழுதுபார்த்து வலுப்படுத்தும் பணியை உரிமையாளர்களே அரசின் பண உதவியோடும் பொறியாளர் அறிவுரையோடும் செய்தார்கள். இவ்விரண்டில் இரண்டாவதே சிறந்த பாடம் என்பது என் கணிப்பு. சுவரின் இரு முகங்களையும் இணைக்கும் குறுக்குக் கற்களைச் செருகுதல், கதவு நிலைகளுக்கு மேல் சுவர் முழுவதையும் சுற்றிவரும் இரும்புக்கம்பி வைத்த சிமென்ட் பட்டை அமைத்தல், மூலைகளைப் பிணைத்தல், கூரை மண்ணைக் குறைத்தல் ஆகியவை உள்ளூர்க் கொத்தனார்கள் கற்றுக்கொள்ளக்கூடிய, வீட்டை இடிக்காமலே செய்யக்கூடிய வேலைகள்.

ஊரை இடம் மாற்றியது அப்படியன்று. சில கிலோமீட்டர் நகர்வதால் நிலநடுக்க ஆபத்து மாறிவிடாது. ஆழத்திலுள்ள பாறையும் அதன் மீதான நெருக்குதலும் அங்கும் அவையே. இடிபாடுகளுக்கடியில் உறவினரை இழந்த மக்கள் அந்த மண்ணில் மறுபடி குடியிருக்க மறுத்தது இயல்பானது, அதை மதித்தாக வேண்டும். ஆனால் நெருங்கிய தெருக்களும் முற்றங்களும் கொண்ட ஊருக்குப் பதிலாக அகன்ற நேர்த்தெருக்களோடு கட்டங்கட்டமாக வகுத்த புதிய குடியிருப்புகள், வயலிலிருந்து தொலைவாகவும் பழகிய வாழ்முறைக்குப் பொருந்தாமலும் அமைந்ததைப் பின்னாளைய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

அறிவியல் பக்கத்தில் கிடைத்த பயன்கள் தெளிவானவை. நாட்டின் நிலநடுக்கப் பதிவு நிலையங்கள் எண்ணியல் கருவிகளுக்கு மாற்றப்பட்டன. தீபகற்பத்தின் பழைய பிளவுகள் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது. 1997 மே 22 அன்று ஜபல்பூரில் 5.8 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம், மேம்படுத்திய நிலையங்களில் நன்கு பதிவாகி, 35 கிலோமீட்டர் ஆழத்தில், மேலோட்டின் அடிப்பகுதியில் பிறந்தது என்பதை உறுதிப்படுத்தியது. கில்லாரி மேலோட்டின் மேற்பரப்பில், ஜபல்பூர் அதன் அடியில் என்றால், அசையாத நிலம் ஒரே வகையில் அசைவதில்லை என்பதும் தெரிகிறது.

2002-ஆம் ஆண்டின் திருத்தம் தமிழ்நாட்டையும் நேரடியாகத் தொட்டது. அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 செப்டம்பர் 25 அன்று, புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைச் சென்னைவாசிகள் பலர் உணர்ந்திருந்தார்கள். மேற்கே, 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூருக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6 என்று மதிப்பிடப்படுகிறது. கில்லாரிக்கு அது அதிகம் குறைந்ததன்று. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய அந்நிலத்தின் அடிப்பாறையும் பழைய பிளவுகளால் கோடிட்டுக் கிடக்கிறது. ஆனால் அங்கே மறைக்கும் பசால்ட் போர்வை இல்லை. பிளவுகளைக் களத்திலேயே அளந்து, ஆற்றுப்படிவுகளில் அவற்றின் பழைய நகர்வுகளைத் தேடலாம். கில்லாரியில் துளையிட்டுத் துளையிட்டு அறிய வேண்டியிருந்ததில் ஒரு பகுதியை, அங்கே நிலத்தைக் கூர்ந்து வாசித்தே அறிந்துவிட முடியும்.